அப்பா கையெழுத்துப் போடாத கடன்

கேள்வி: வயது 29. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. சம்பளம் கைக்கு 62,000 ரூபாய். தீபாவளி போனஸ் 45,000 வரப்போகிறது. அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பா தனியார் மில்லில் ஓய்வு பெற்றவர், பென்ஷன் கிடையாது. பணிக்கொடையாக வந்த 10 லட்சத்தை 2023 ஆகஸ்டில் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறார். நான் மாதம் 12,000 அனுப்புகிறேன். தங்கைக்கும் கல்யாணம் ஆகிவிட்டதால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. சின்ன வயதில் வளர்த்த நாயைப் பற்றி அப்பா இன்னமும் பேசுவார். தீபாவளி காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லாப்ரடார் குட்டியை அவர் மடியில் வைக்க ஆசை. விலை 28,000. போனஸில் வாங்கலாமா? அல்லது கார்டில் 6 மாத இஎம்ஐ போட்டுவிட்டு, போனஸை மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?

பதில்: கார்டு வேண்டாம். வட்டி, பிராசஸிங் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று போகிற பணத்தை ஆறே மாதத்தில் ஃபண்ட் ஈட்டித் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்தக் கேள்வி இத்தோடு முடிந்தது. நீங்கள் கேட்காத கேள்விக்குத்தான் மீதி பதில்.

28,000 என்பது வெறும் முன்பணம். வளர்ந்த லாப்ரடார் 30 கிலோ வரும். தீனி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, ஆண்டுத் தடுப்பூசி, எப்போதாவது டாக்டர் செலவு, அப்பாவும் அம்மாவும் உங்களைப் பார்க்க சென்னை வரும் நாட்களில் நாயை விட்டுவைக்கும் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து மாதம் 6,000 என்று வைக்கிறேன். தாராளக் கணக்கு இல்லை இது. இந்த இனம் 10, 12 வருடம் வாழும். விலைவாசி வருடம் 6% ஏறும் என்று கொண்டால் 12 வருடத்தில் சுமார் 12 லட்சம் ரூபாய்.

இப்போது அப்பாவின் கணக்குக்கு வாருங்கள். 10 லட்சத்துக்கு 8.2% வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500, அதாவது மாதத்துக்கு 6,833. நாய்க்குப் போக மிச்சம் 833 ரூபாய்! வாழ்நாள் முழுக்க மில்லில் உழைத்துச் சேர்த்த பணத்தின் வட்டியை எதற்குச் செலவிடுவது என்று அவரைக் கேட்காமலே நீங்கள் முடிவு செய்கிறீர்கள். வேறு யாராவது அவர் பெயரில் அவருக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

அவசரம் என்று வந்தால் இன்னொரு இடியும் உண்டு. அந்தத் திட்டத்தில் நடுவில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது. கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டியிருப்பதால் 1% பிடிப்பார்கள். அவருக்கு அது 10,000 ரூபாய்.

என்னிடம் வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். பேரன் பேத்திகள் சேர்ந்து தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் குட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பத்தே நாளில் பார்வோ என்ற வைரஸ் நோய். வாந்தி, ரத்த பேதி, ஐந்து நாள் டிரிப்ஸ். அந்த அம்மா துணி கிளிப் போட்டுக் கவ்வ வைத்த ரசீதுக் கட்டோடு வந்தார். "இதை எந்தத் தலைப்பில் எழுதறது தம்பி?" என்று வரவு செலவு நோட்டை நீட்டினார். அதுவரை அதில் பால், மளிகை, மாத்திரை, கோவில் என்று நாலே தலைப்புதான். குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் பாட்டிக்கு முட்டி வலி, தாத்தாவால் பிடித்து நிறுத்த முடியவில்லை. எட்டாவது மாதம் யாரிடமோ கொடுத்தார்கள். கொடுத்ததைச் சொல்லும்போது தாத்தா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தெருவில் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பசி தாகத்தில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். டீயும் வடையும் சாப்பிடுகிற காசு.

தீபாவளியன்று கொண்டுபோவதுதான் இதில் மோசமான பகுதி. தாயை விட்டுப் பிரிந்து, ரயிலில் ஓர் இரவு வந்து, புது வீட்டில் கண் திறக்கும்போது தெரு முழுக்க சரவெடி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகள் சொல்கின்றன. பண்டிகை நேரத்தில் அதற்கும் சிறிய குட்டியை வயது கூட்டிச் சொல்லித் தள்ளிவிடுபவர்கள் உண்டு. மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு இருக்கிறதா, தடுப்பூசி அட்டை எங்கே என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். முதல் தடுப்பூசியோடு வேலை முடிவதில்லை, சுமார் 16 வாரம்வரை சில வார இடைவெளியில் தொடர வேண்டும்.

ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செலவு குறையும் என்பீர்கள். சரிதான். 30 கிலோ நாயை மாடிப்படியில் இறக்கி, ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோவைப் பிடிப்பது யார்? வீட்டுக்காரரிடம் பேசிவிட்டீர்களா? அப்பா பேசும் அந்தப் பழைய நாய் அநேகமாக வாசலில் படுத்து, மிச்சச் சோறு தின்று, தானே ஊர் சுற்றி வந்த நாட்டு நாயாக இருக்கும். அவர் ஏங்குவது அந்த நாய்க்கா, அந்த வயதுக்கா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

அதனால் இந்தத் தீபாவளிக்கு வேட்டி, புடவை, ஸ்வீட் பாக்ஸோடு போங்கள். எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு எல்லாம் ஆன பிறகு, அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது பேச்சைத் தொடங்குங்கள். காலை ஆறு மணிக்கு யார் கீழே கூட்டிப்போவது என்பதிலிருந்தே தொடங்கலாம். அம்மாவின் முகம் பாதி பதிலைச் சொல்லிவிடும். இருவரும் வேண்டும் என்றால் பொங்கல் கழித்து, அவர்களையே அழைத்துப்போய்த் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வயதான, சாதுவான நாயைத் தத்தெடுப்பது அந்த வீட்டுக்குக் குட்டியைவிடப் பொருந்தும் என்பது என் எண்ணம். குட்டி விலையும் மிச்சம்.

போனஸில் 30,000-ஐ நாய்க்கென்று தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள், மருத்துவச் செலவுக்கு மட்டும். மாதம் 6,000 உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் உத்தரவு கொடுங்கள். அப்போது நீங்கள் ஊருக்கு அனுப்புவது 18,000 ஆகும். உங்கள் வாடகை எவ்வளவு, வேறு கடன் இருக்கிறதா என்று எழுதவில்லையே. அதையும் எழுதுங்கள், 62,000-இல் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.