மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), அதைக் கண்டி மன்னனிடம் உடனே கொடுக்காதது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், இரு தரப்பும் செய்த ஒப்பந்தத்தின் பிரதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மட்டக்களப்பின் புளியந்தீவில் உள்ள இந்தக் கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 மே 18இல் தளபதி வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் படையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை கைச்சாத்தானது. போர்ச் செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு என்று சரக்காகக் கட்ட வேண்டும். வணிகம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கே.

சிக்கல் மூன்றாம் பிரிவில்தான். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருக்கலாம், "மன்னன் விரும்பினால்". மன்னன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இந்தச் சொற்கள் உண்டு. ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. கைதவறி விடுபட்டது என்று நம்புவது கடினம். லாபம் முழுக்க ஒரு பக்கத்துக்கே போயிற்று.

அது போதாதென்று, போர்ச் செலவுக் கடன் தீரும்வரை கோட்டை எங்களிடம் என்றார்கள் ஒல்லாந்தர். கணக்குப் புத்தகமும் அவர்களிடமே இருந்தது. படைச் செலவு ஏற ஏறக் கடனும் ஏறும். கறுவா விளையாத மட்டக்களப்பைப் பின்னர் விட்டுக்கொடுத்தவர்கள், 1640இல் பிடித்த காலியை விடவேயில்லை. அதன் பின்புலம் கறுவாக் காடு. மட்டக்களப்புக்குப் பிற்காலத்தில் மறுபடி வந்து கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். இன்றும் வாசலின் மேல் கம்பனியின் பின்னல் எழுத்து முத்திரை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியதை 'டச்சுக் கோட்டை' என்று சொல்லிப் பழகியதும் அதனால்தான்.