ஒரு வரியோடு வரச் சொல்லுங்கள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மாணவர்கள் 38 பேர். வாரம் ஒரு நூலகப் பாடவேளை, 40 நிமிடம். ஆறு குழுவாகப் பிரித்து, கதைப் புத்தகங்களைக் கொடுத்து, "படித்துவிட்டுப் பேசுங்கள்" என்றேன். குழுவுக்கு ஒருவன் பேசுகிறான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஐந்தே நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடையாகிவிடுகிறது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வருகிறது. பத்துப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: தொடருங்கள். "படித்துவிட்டுப் பேசுங்கள்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எதைப் பேசுவது என்று தெரியாமல் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தால், கூச்சமில்லாதவன் பேசுவான். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவனைப் பென்சிலால் குத்துவார்கள். பெரியவர்களின் கூட்டங்களும் அப்படித்தானே நடக்கின்றன?

பஸ் டிக்கெட் அளவுக்குக் காகிதம் கிழித்து ஆளுக்கொன்று கொடுங்கள். படிக்கும்போது புரியாத இடத்தில், பிடித்த இடத்தில், 'இப்படி நடக்குமா?' என்று தோன்றிய இடத்தில் அதைச் செருகி வைக்கட்டும். ஒரே இடம் போதும். குழுவில் உட்கார்ந்ததும் ஒருவர் தன் வரியை வாசிக்க வேண்டும். அதைப் பற்றி முதலில் மற்றவர்கள் பேச வேண்டும். வரிக்குச் சொந்தக்காரர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். இந்த வரிசை முக்கியம். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் விளக்கம் சொல்லிவிட்டால் மற்றவர்கள் "ஆமாம்" என்று தலையாட்டி முடித்துவிடுவார்கள்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடனுக்காகப் பசுவை விற்கும் ஒரு சிறிய கதை. ஒரு பெண் காகிதம் வைத்திருந்த வரி: வாங்க வந்தவர் கையில் புதுக் கயிற்றோடு வாசலில் நின்றார். "பசுவின் கழுத்தில்தான் கயிறு இருக்கிறதே, இவர் ஏன் கொண்டு வருகிறார்?" என்பது அவளுடைய சந்தேகம். எனக்கும் விடை தெரியாது. அந்த வருடம் முழுவதும் வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்த பையன் சொன்னான்: "விற்கும்போது கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், டீச்சர். அவிழ்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். கயிறும் போனால் மாடு தங்காது என்பார் தாத்தா." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கேட்டாள்: "அப்படியென்றால் கதையில் அந்தப் பழைய கயிறு எங்கே போயிற்று?" ஐந்து பேரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். நான் தயாரித்து வைத்திருந்த பத்துக் கேள்விகளில் ஒன்றுகூடக் கயிற்றைப் பற்றி இல்லை.

அதனால் உங்கள் வேலை பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். சொல்வது சுலபம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதிவிட்டார். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு குழுவின் ஓரத்தில் உட்காருங்கள். யார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கை எழுதிக்கொண்டிருந்தால் வாய் அடங்கும். கேட்டே ஆகவேண்டும் என்றால் "ஏன்?" என்று கேட்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அது விசாரணைபோலக் கேட்கிறது. "அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்" என்றால் போதும். இங்கிலாந்து எழுத்தாளர் எய்டன் சேம்பர்ஸ் சொல்லிக்கொடுத்த வழி இது.

இன்னொன்று: முதல் ஒரு மாதம் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்பதற்குத் தடை போடுங்கள். நீதி சொல்லி முடித்த கதையை யாரும் திரும்பப் புரட்டுவதில்லை.

குழு ஐந்து பேருக்கு மேல் போகக்கூடாது. 38 பேர் என்றால் ஐந்து பேராக ஆறு, நான்கு பேராக இரண்டு. மதிப்பெண் பார்த்துப் பிரிக்காதீர்கள். 'மக்குக் குழு' எது என்று அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான்கு புத்தகங்களை எல்லோர் முன்னாலும் காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு நிமிடம் ஆசை காட்டுங்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று சீட்டில் எழுதி வாங்கி அதன்படி பிரியுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட மெல்லிய புத்தகங்கள் (நுழை, நட, ஓடு, பற என்று நிலை போட்டிருக்கும்) உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவற்றிலிருந்தே தொடங்கலாம். பிரதிகள் போதவில்லையா? அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறார் இதழான 'தேன்சிட்டு' பழைய இதழ்கள் அலமாரியில் கட்டாகக் கிடக்கும், பாருங்கள். அதுவும் இல்லையென்றால் குழுவில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் இதே வழிதான். எழுத்துக்கூட்டுவது வேறு, கதையை யோசிப்பது வேறு. கயிற்றுக்கு விடை சொன்னவனும் எழுத்துக்கூட்டித்தான் படித்துக்கொண்டிருந்தான். துணைக்கு ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்பவர், படம் வரைபவர், அருஞ்சொல் பார்ப்பவர் என்று ஆளுக்கொரு பொறுப்புக் கொடுத்துத் தாளில் எழுத வைக்கும் முறையையும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். சிகாகோவில் பணியாற்றிய கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் எழுதிய நூலால் பரவியது அது. பிற்காலத்தில் அவரே அந்தப் பொறுப்புத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடுகின்றன என்று எச்சரித்தார். எச்சரிக்கையைப் படிக்காமல் நானும் ஒரு பருவம் முழுக்கத் தாள் நிரப்ப வைத்தேன். பிள்ளைகள் எழுதியதை வரிசையாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். பழக்கத்துக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள்.

ஒருவனே பேசினால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தால் கேட்கத்தான் வேண்டும். சிலர் மூன்றையும் ஒரே மூச்சில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

சத்தத்துக்கு வழி: எட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் பேச வேண்டாம். நான்கு குழு தாழ்வாரத்தில் பேசட்டும், நான்கு குழு உள்ளே மௌனமாகப் படிக்கட்டும். 15 நிமிடத்தில் மாற்றுங்கள். கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் உள்ளே. குழுவுக்கு ஒரு வரி மட்டும் வகுப்புக்கு வாசித்துக் காட்டட்டும். முதல் வாரம் இதையும் செய்யாதீர்கள். ஒரே ஒரு குழுவை நடுவில் உட்கார வைத்துப் பேச வைத்து, மற்ற 33 பேரையும் சுற்றி நின்று பார்க்க விடுங்கள்.

பேச்சுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்ததைத்தான் பேசுவார்கள். தலைமையாசிரியர் பதிவு கேட்டால், பிள்ளைகள் செருகிய காகிதங்களைத் தேதி போட்டு ஒட்டி வையுங்கள். வளரறி மதிப்பீட்டின் 'அ' பிரிவில், அதாவது வகுப்பறைச் செயல்பாடுகளுக்கான பிரிவில், ஒரு செயல்பாடாக அதைக் காட்டலாம். குழுவின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிய உங்கள் நோட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் யாரை யாரோடு உட்கார வைப்பது என்பது அதில்தான் இருக்கும்.