கூகை எச்சத்தில் எலுமிச்சம்பழ முட்டை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கூகையின் எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எலுமிச்சம்பழ வடிவில், இரு முனையிலும் மூடி போட்டது போல முட்டைகள். கேப்பிலேரியா (முடிபோல மெல்லிய ஒட்டுண்ணிப் புழு) என்று அறிக்கையில் எழுதலாமா? (பாலிடெக்னிக் மாணவர், கிளமெண்டி)

அவசரப்படாதீர்கள் தம்பி. இருமுனை மூடி கேப்பிலேரியா வகைக்கு உரியதுதான். ஆனால் கூகை தின்பது எலி. எலியின் குடலில் இருக்கும் சாட்டைப்புழுவின் முட்டைக்கும் அதே மூடிகள் உண்டு. எலியின் ஈரலில் தங்கும் ஒரு கேப்பிலேரியா வகைக்கும் உண்டு. எலியோடு உள்ளே போன முட்டைகள் பறவையின் குடலைக் கடந்து அப்படியே வெளியே வந்துவிடும். கூகைக்கு அதில் பங்கே கிடையாது. அதே பறவையின் எச்சத்தைப் பல நாள் பாருங்கள். முட்டையின் நீள அகலத்தை அளந்து, ஓட்டில் வரியோ குழியோ தெரிகிறதா என்று குறித்து வையுங்கள். அதுவரை 'கேப்பிலேரியா போன்ற முட்டை' என்று எழுதினால் போதும்.

எச்சத்தை எங்கே எடுத்தீர்கள்? மண்ணில் கிடந்ததென்றால் மண்ணில் வாழும் புழுக்கள் சில மணி நேரத்தில் அதற்குள் ஏறியிருக்கும். மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததும் எடுங்கள். எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதக்கும் முட்டைகளை மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். மீன் தின்னும் வெண்வயிற்றுக் கடற்கழுகிடம் முதலில் தேட வேண்டியதே அதைத்தான்.

பறவையின் மூச்சுக்குழாயில் இரண்டாகப் பிரிந்த சிவப்புப் புழுவைப் படத்தில் பார்த்தேன். அதற்கு இரண்டு தலையா? (வாசகி, தெம்பனிஸ்)

அவை இரண்டு புழுக்கள். சிங்காமஸ் இனத்தில் சிறிய ஆண், பெரிய பெண்ணோடு ஒட்டியபடியே வாழும். இரத்தம் குடிப்பதால் அந்தச் சிவப்பு.

எங்கள் புளோக்கின் கீழே செம்பருந்து ஒன்று செத்துக் கிடந்தது. மகள் அறுத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். (தந்தை, ஈசூன்)

மகளின் ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். ஆனால் வெறுங்கையால் தொட வேண்டாம், பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு. சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திலும் இறந்த விலங்குகளை மாதிரிகளாகச் சேர்க்கிறார்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள். குடலில் முள்தலைப் புழு இருந்தால் உடனே ஆல்கஹாலில் போட மாட்டோம். சாதாரணத் தண்ணீரில், குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைப்போம். புழு உள்ளே சுருட்டி வைத்திருந்த மூக்கு மெல்ல வெளியே நீளும். வரிசை வரிசையாகக் கொக்கிகள். அவற்றை எண்ணித்தான் இனத்தைப் பிரிப்போம். பிறகு 70 சதவீத ஆல்கஹால். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும்.

குப்பியில் பறவையின் பெயரும் எந்த உறுப்பில் எடுத்தது என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். வல்லூறின் காற்றுப்பையில் சேமியா போல நீண்டு கிடக்கும் வெள்ளைப் புழு என்றதும் முதலில் செராட்டோஸ்பிக்யூலம் என்றுதான் நினைப்போம். உறுப்பைக் குறிக்காமல் 'வெள்ளைப் புழு' என்று மட்டும் எழுதி வந்த குப்பிகளால் நான் பல நாட்களை இழந்திருக்கிறேன்.

பூங்காவில் இருக்கும் பருந்துக்கு இறைச்சியில் புழு மருந்து வைத்துக் கொடுக்கலாமா? (வாசகர், பாசிர் ரிஸ்)

வேண்டவே வேண்டாம். காட்டுப் பறவைக்கு உணவு வைப்பது இங்கே குற்றம். எடை தெரியாமல் கொடுக்கும் மருந்து பறவையையே கொன்றுவிடலாம். நன்றாகப் பறந்து வேட்டையாடும் பறவையின் வயிற்றிலும் நாலு புழு இருக்கத்தான் செய்யும்.