சோறு நல்லதா என்று 15 நொடியில் தெரியுமா?

கேள்வி: தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் குழு பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறது. பஞ்சுக்குச்சியால் தடவிக் கருவிக்குள் செருகினால், 15 நொடியில் உணவு கெட்டிருக்கிறதா என்று சொல்லிவிடும் என்று இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தோம். வாங்கலாமா? (தொண்டர் ஒருவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஏ.டி.பி. மானியாக இருக்கும். உயிரணுக்கள் எல்லாவற்றிலும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உண்டு. மின்மினிப்பூச்சியின் உடலில் ஒளியை உண்டாக்கும் நொதி அந்தக் குச்சியோடு வரும் திரவத்தில் இருக்கிறது. ஏ.டி.பி.யோடு சேர்ந்தால் அது ஒளிரும். அந்த ஒளியைக் கருவி எண்ணாக்கிக் காட்டும். கருவி பொய்யானதன்று. உணவு தயாரிக்கும் ஆலைகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் அங்கே அதைக் கொண்டு சோதிப்பது உணவை அல்ல, கழுவி முடித்த மேசையையும் கத்தியையும் பாத்திரத்தையும்தான். அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றிலும் ஏ.டி.பி. இருப்பதால், சாம்பாரில் குச்சியை நனைத்து வரும் எண் கிருமியைக் குறிக்கிறதா, பருப்பைக் குறிக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வைரஸ்களில் ஏ.டி.பி. இல்லை என்பதால் அவற்றையும் கருவி காணாது.

அன்னதானத்தில் நான் அதிகம் அஞ்சுவது சோற்றைத்தான். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வருபவை. அவை கொதிநீரிலும் சாவதில்லை. விடியற்காலையில் வடித்த சோறு பெரிய அண்டாவில் வெதுவெதுப்பாகவே நண்பகல் வரை கிடந்தால், அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கலாம். அந்த நஞ்சு மறுபடியும் சூடாக்கினாலும் அழியாது. அதற்கு மணமும் இல்லை. ஏ.டி.பி. மானி இதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

நோய்க்கிருமியை இன்னதென்று காட்டும் கையடக்க மரபணுச் சோதனைக் கருவிகளும் இப்போது இருக்கின்றன. ஆயினும் சால்மொனெல்லா போன்ற கிருமி 25 கிராம் உணவில் ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்ய வேண்டுமானால், முதலில் அந்த உணவை ஊட்டக்கரைசலில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்துக் கிருமியைப் பெருக்கியாக வேண்டும். கருவி எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடிவதில்லை. பந்தலில் வரிசை பிடித்து நிற்கும் பக்தர்களுக்கு அது உதவாது.

ஆகவே அந்தப் பணத்தில் குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானிகள் நான்கைந்து வாங்குங்கள் என்பதே என் யோசனை. ஏ.டி.பி. மானியின் குச்சிகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்கவும் வேண்டும். வெப்பமானிக்கு அந்தத் தொல்லை இல்லை. பனிக்கட்டி நிறைந்த நீரில் வைத்தால் 0 பாகை காட்டுகிறதா என்று முதலில் சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு அண்டாவின் நடுவிலும் குத்திப் பார்த்து, 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கவிடாமல் சூடாக வைத்திருங்கள். சமைத்த நேரத்தைத் தாளில் எழுதி அண்டாவிலேயே ஒட்டி, நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். ஒரே அண்டாவில் 500 பேருக்கு வடிப்பதைவிட, மூன்று முறையாக வடிப்பது மேல்.

கேள்வி: மஞ்சள் மீயில் (நூடுல்ஸ்) வெண்காரம் கலந்திருக்கிறதா என்று மஞ்சள் தடவிய தாளால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். நான் செய்தபோது தாள் சிவந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்கலாமா? (இல்லத்தரசி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: அம்மா, அவசரப்படாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நீர் சிவப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். காரத்தன்மை எதுவாயினும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். மஞ்சள் மீயின் நிறத்துக்கும் இழுவைக்கும் காரநீர் சேர்ப்பது வழக்கம், அதற்குத் தடையில்லை. எனவே உங்கள் தாள் அந்தக் காரநீரைக் கண்டும் சிவந்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் மீயை ஊறவைத்த நீரில் முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் காரத்தன்மையை நீக்கிவிடுவார்கள். அதன் பின்னும் தாள் உலரும்போது சிவந்து, அம்மோனியா பட்டதும் பசுமை கலந்த கருமையாக மாறினால்தான், வெண்காரத்திலிருந்து வரும் போரிக் அமிலம் இருப்பதாகக் கொள்வார்கள். கடைகளில் கிடைக்கும் சோதனைத் தொகுப்புகளிலும் அமிலக் குப்பி ஒன்று இருப்பது இதற்காகவே. அது இல்லாத தொகுப்பை வாங்க வேண்டாம்.

1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் மலேசியாவில் போரிக் அமிலத்தை உணவில் சேர்க்க அனுமதிப்பதில்லை என்பதால், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்று தப்பிவிடும். 1988இல் பேராக்கில் ஒருவகை அரிசி மீயை உண்ட 13 சிறுவர்கள் இறந்தார்கள். அப்போது போரிக் அமிலமும் பேசப்பட்டது; பின்னர் வெளிவந்த மருத்துவ ஆய்வோ, பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையே காரணமாகக் காட்டியது. அந்த நஞ்சை மஞ்சள் தாள் காட்டாது. அதற்குக் கோவிட் காலத்தில் நாம் பயன்படுத்திய ஆர்.டி.கே. போன்ற கோடு விழும் பட்டைகள் தனியாக உள்ளன. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், மீயைப் பொட்டலத்தோடும் ரசீதோடும் வைத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். முறையாக மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

கேள்வி: காய்கறியில் பூச்சிமருந்து இருப்பதை நிறம் மாறும் அட்டை காட்டுமா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: ஓரளவுக்குத்தான். பூச்சியின் நரம்பு வேலை செய்யத் தேவையான ஒரு நொதி அந்த அட்டையில் இருக்கிறது. மருந்து இல்லையென்றால் நீலநிறம் தோன்றும். மருந்து நொதியை முடக்கினால் நிறம் தோன்றாது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் ஆகிய இரு வகை மருந்துகளை மட்டுமே இப்படிப் பிடிக்கலாம். இன்று பரவலாகத் தெளிக்கப்படும் பைரித்திராய்டு வகை இதில் சிக்காது. வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி ஆகியவற்றின் சாறு நொதியைக் குழப்பித் தவறான முடிவைத் தரும் என்பதால், அவற்றை இந்த அட்டையில் சோதிக்க வேண்டாம்.