கடலோடு போன மாமாவின் பங்கு யாருக்கு?

கேள்வி: தாத்தா தன் சொந்தக் காசில் வாங்கிய 6 ஏக்கர் நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. அவர் 1969-இல் உயில் எழுதாமல் இறந்தார். கடற்படையில் இருந்த பெரிய மாமா, கல்யாணம் ஆகாதவர், 1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பலோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. 1975-இல் பாட்டியும் 1976-இல் என் அம்மாவும் காலமானார்கள். அப்பாவும் இப்போது இல்லை. நான் ஒரே மகள். "உடல் கிடைக்காதவர் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்ததாகக் கணக்கு. உனக்கு 2 ஏக்கர்தான்" என்கிறார் சின்ன மாமா. இது சரியா?

பதில்: உங்கள் சின்ன மாமா யாரோ விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார். அவர் சொல்லும் தேதி (1971-க்கு ஏழு வருஷம் கழித்து, 1978) சரியென்றால் கணக்கும் சரி. தேதிதான் தப்பு.

தாத்தாவின் நிலத்தில் பாட்டிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். பெரிய மாமா 1971-இல் இறந்தார் என்றால், அவருடைய ஒன்றரை ஏக்கரும் பாட்டிக்கே போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கல்யாணமாகாத மகனுக்குத் தாய்தான் முதல் நிலை வாரிசு. பாட்டிக்குப் பின் அவருடைய 3 ஏக்கர் உங்கள் அம்மாவுக்கும் சின்ன மாமாவுக்கும் சரிபாதி. ஆக, அம்மா வழியில் உங்களுக்கு 3 ஏக்கர்.

1978-இல் இறந்தார் என்று வைத்தால் கதையே வேறு. 1975-இல் பாட்டியின் பங்கு மூன்றாகப் பிரிந்து, பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர் ஆகிவிடும். பெரிய மாமாவின் 2 ஏக்கர், அப்போது உயிரோடிருந்த ஒரே சகோதரரான சின்ன மாமாவுக்குப் போகும்; சகோதரி மகள் அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறாள்.

ஏழு வருஷக் கணக்கு, பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு; இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 111. ஏழாண்டு தகவலே இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. ஏழாம் வருஷக் கடைசியில் இறந்தார் என்று அது சொல்லவில்லை. எந்தத் தேதியில் இறந்தார் என்பதைச் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும் என்று எல்.ஐ.சி. – அனுராதா வழக்கில் 2004-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 1978 என்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

உங்களிடம் 1971-க்கு ஆதாரம் கிடைக்கும். உங்கள் பெரிய மாமா ஊரைவிட்டுக் காணாமல் போனவர் அல்ல. 1971 டிசம்பர் 9 இரவு, தியூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர் ஏவிய டார்பிடோவில் குக்ரி மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். போரில் இறந்தார் என்று அவருடைய பணிப் பதிவேட்டில் தேதியோடு இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக, மும்பையிலுள்ள கடற்படை மாலுமிகள் பதிவு அலுவலகத்துக்கு எழுதிச் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

அப்புறம், பாட்டியின் டிரங்குப் பெட்டியையும் பாருங்கள். கடற்படையிலிருந்து வந்த கடிதமோ, மகனுக்காக வாங்கிய பென்ஷன் புத்தகமோ கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்; லேமினேட் செய்துவிடாதீர்கள், மூலப் பிரதி அப்படியே கோர்ட்டுக்கு வேண்டும்.

பட்டா சின்ன மாமா பெயரில் இருந்தாலும், இத்தனை வருஷம் அவரே உழுதிருந்தாலும் கவலை வேண்டாம். கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமானதே. உங்கள் உரிமையை அவர் வெளிப்படையாக மறுத்த பிறகுதான் 12 வருஷக் கெடு ஓடத் தொடங்கும். இப்போது மறுத்துவிட்டார். எனவே ஆவணங்கள் வந்ததும் பாகப்பிரிவினை வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.