400 டாலர் 1911 போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

1911 பிஸ்டல் பற்றிச் சில மாதங்களாகச் சேர்ந்துபோன கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்று, 1985இல் இத்தாலியின் பெரெட்டா பிஸ்டல் வரும்வரை இடுப்பில் வைத்திருந்த பிஸ்டலும் அதன் இன்றைய நகல்களும்தான் பேச்சு. கேட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருப்பவர்கள் என்பதால் விலையும் சட்டமும் அந்த ஊர்க் கணக்கு. ஒருவர் மட்டும் கோயம்புத்தூர்.

என் பட்ஜெட் 500 டாலர். காகித டார்கெட்டில் சுட மட்டும்தான். இந்த விலைக்கு நம்பகமான 1911 கிடைக்குமா, இல்லை காசு சேர்த்து, இதை முதலில் தயாரித்த கோல்ட் (Colt) நிறுவனத்தினுடையதையே வாங்கிவிடலாமா? (ஹூஸ்டன்)

கிடைக்கும். பிரௌனிங்கின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்றைக்கு இந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்கிறார்கள். மலிவு வரிசையில் நான் தயங்காமல் சொல்லும் பெயர்கள் இரண்டு. பிலிப்பைன்ஸின் மரிகினாவில் ஆர்ம்ஸ்கோர் செய்யும் ராக் ஐலண்ட் ஒன்று. துருக்கியின் ட்ராப்சோனிலிருந்து வரும் டிசாஸ் இன்னொன்று. அலங்காரமில்லாத ராணுவ மாடல் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய 400 முதல் 500 டாலருக்குள் அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும், விசாரித்து வாங்குங்கள்.

இந்த விலையில் எதை இழக்கிறீர்கள்? முதலில் மேற்பூச்சு. அடுத்து, விளிம்புகளைத் தேய்த்து மழுப்பியிருக்க மாட்டார்கள், கை உறுத்தும். பழைய ராணுவ மாடலின் சைட் (குறிபார்க்கும் முனை) நெல்மணி அளவுதான் இருக்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது தண்டனை. அதனால் இன்னும் 100, 150 டாலர் போட முடிந்தால், பெரிய சைட்டும், பின்புறம் வால்போல் நீண்ட கிரிப் சேஃப்டியும் (பிடியை இறுக்கினால்தான் சுடவிடும் பூட்டு) உள்ள மாடலாகப் பாருங்கள். நீளாத பழைய வகையில், சதைப்பற்றான கையாக இருந்தால், சுட்டதும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் வரும்போது கட்டைவிரல் இடுக்கைச் சுத்தியல் கடித்துவிடும். ஒரு முறை கடி வாங்கினால் அடுத்த முறை ட்ரிகரைத் தொடும் முன்னாலேயே கை சுருங்கும். அப்புறம் எங்கே குறி?

பேரலில் பெரிய குறை இருக்காது. 25 கஜத்தில் நம்மில் பலர் சுடுவதைவிட அந்த 400 டாலர் பிஸ்டல் நன்றாகவே சுடும்.

கடையில் கேட்டு, அனுமதி வாங்கி, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகு சிலவற்றைப் பாருங்கள். ஸ்லைடு முழுக்க மூடியிருக்கும்போது பேரலின் பின்பகுதியை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் கீழே இறங்கி ஆடக்கூடாது. கட்டைவிரல் சேஃப்டி 'டக்'கென்று ஏறி இறங்க வேண்டும், வழவழவென்று நகரக்கூடாது. ஸ்லைடு பக்கவாட்டில் கொஞ்சம் கடகடக்கும். அதற்காகப் பயந்து திரும்பி வராதீர்கள், கடகடத்த பிஸ்டல்தான் இரண்டு உலகப் போரின் சேற்றிலும் ஓடியது.

700 முதல் 900 டாலர்வரை முடியும் என்றால் ஸ்பிரிங்ஃபீல்டின் மில்-ஸ்பெக், ரூகரின் எஸ்ஆர்1911 இரண்டும் நல்ல இடைநிலை. கோல்ட் நல்ல பிஸ்டல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பகுதிக் காசு ஸ்லைடில் இருக்கும் குதிரைச் சின்னத்துக்குப் போகிறது. விற்கும்போது அதில் கொஞ்சம் திரும்பி வரும் என்பது உண்மை. 500தான் கையில் இருக்கிறது என்றால் அந்தக் குதிரைக்காக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே டிசாஸ் வாங்கி, மீதியைத் தோட்டாவில் போடுங்கள்.

.45 (0.45 அங்குலத் தோட்டா) வாங்கவா, 9 மிமீ வாங்கவா? நண்பர்கள் 9 மிமீ 1911 'உண்மையான 1911 இல்லை' என்கிறார்கள். (அட்லாண்டா)

உங்கள் தோட்டாவுக்கு அந்த நண்பர்களா காசு கொடுக்கிறார்கள்?

.45 தோட்டா 9 மிமீயைவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருக்கும், சில நேரம் இரண்டு மடங்கைத் தொடும். மாதம் 300 தோட்டா சுடுகிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகு பிஸ்டலில் 9 மிமீ சுட்டால் உதைப்பு பூனை தட்டுவதுபோலத்தான் இருக்கும்.

.45இன் பக்கம் இரண்டு நியாயங்கள். இந்த வடிவமே அந்தத் தோட்டாவை மனத்தில் வைத்துப் பிறந்தது. அதனால் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), ஸ்பிரிங் என்று எல்லாம் நூறாண்டு சோதித்த அளவில் கிடைக்கின்றன. இரண்டாவது, புல்ஸ்ஐ என்ற டார்கெட் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கே .45க்கென்றே ஒரு சுற்று உண்டு. முழுப் போட்டி 2700 புள்ளி: .22இல் 900, சென்டர்ஃபயரில் (அடிப்பாகத்தின் நடுவில் அடித்து வெடிக்கவைக்கும் தோட்டா) 900, .45இல் 900. எல்லாமே ஒரே கையில் பிடித்துச் சுடுவது. பலர் ஒரே .45ஐ வைத்துக்கொண்டு பின்னிரண்டு சுற்றையும் முடித்துவிடுவார்கள். போட்டி வேண்டாம், சனிக்கிழமை சந்தோஷம் போதும் என்றால் 9 மிமீ.

இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. முதல் பிஸ்டலாக 1911 வாங்கலாமா அண்ணா? (ராலி)

வாங்கலாம் தம்பி, ஆனால் இரண்டாவதாக வாங்குங்கள். முதலில் ஒரு .22. ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி, இந்த மூன்றில் கைக்கு எது பொருந்துகிறதோ அது. சத்தம் குறைவு, உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், தோட்டா மலிவு. 1911 தோற்றம்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி 1911ஐ .22இல் முழு அளவிலேயே செய்கிறது. பிரௌனிங்கின் 1911-22 அசலில் 85 சதவீத அளவு. சின்னக் கைக்கு அருமை, ஆனால் பெரியதற்கு மாறும்போது பிடி புதிதாகப் பழக வேண்டும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பிஸ்டல் வாங்க முடியுமா? (நியூ ஜெர்சி)

இந்தக் கேள்விக்கு மட்டும் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்ற குடியேறாதோர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பதே கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. விலக்குகள் சில உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது.

நம் ஆட்கள் கவனிக்கத் தவறுவது வேறொன்று. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது'தான். 'அலுவலக நண்பர்களோடு ஒரு நாள் சும்மா போனோம்' என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது. நண்பர் தன் பெயரில் வாங்கி உங்களிடம் தருவது இன்னும் மோசம், இருவருக்கும் குற்றம். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே விசா பற்றிக் கேள்வி இருக்கிறது, அங்கே பொய் எழுதினால் அது தனி வழக்கு. பச்சை அட்டை வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், சொந்த மாநில விதிகளும் பொருந்தும். உங்கள் நியூ ஜெர்சியில் அந்த விதிகளே கொஞ்சம் நீளம்: அடையாள அட்டை தனி, பிஸ்டலுக்கு அனுமதிச் சீட்டு தனி. பதினைந்து வருடம் காத்திருந்த பச்சை அட்டையை ஒரு சனிக்கிழமைக்காகப் பணயம் வைக்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு ரேஞ்சுக்குப் போங்கள்.

புதிய 1911, 200 தோட்டாவுக்குள் ஒன்பது முறை சிக்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கவா? (டாலஸ்)

கொஞ்சம் பொறுங்கள். 1911 என்றாலே சிக்கும் என்ற அவப்பெயர் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரியாத விஷயம். ராணுவத்தின் கடைசிச் சோதனையில் 6000 தோட்டா சுட்டும் இந்த வடிவம் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். வடிவத்தில் கோளாறு இல்லை என்றால், கையிலிருக்கும் பிஸ்டலில் எங்கோ இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது மேகசினை.

என் கதை இதுதான். வாங்கிய புதிதில் ஒரு துப்பாக்கிச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று ஆறு மேகசின் அள்ளி வந்தேன். அடுத்த இரண்டு மாதம் பிஸ்டலைத் திட்டினேன், ஸ்பிரிங் மாற்றினேன், எண்ணெய் மாற்றினேன். கடைசியில் ரேஞ்சில் பக்கத்துப் பாதையில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் தன் மேகசினை நீட்டி 'இதைப் போட்டுப் பார்' என்றார். சிக்கவே இல்லை. அந்த ஆறும் அன்றே குப்பைத்தொட்டிக்குப் போயின. மேல்விளிம்பு ஒரு மயிரிழை விரிந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் தலைநீட்டும்.

ஆக, மேகசின்களில் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். எது சிக்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒரே எண்ணில் வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். எல்லா எண்ணிலும் வந்தால், எப்படிச் சிக்குகிறது என்று பாருங்கள். காலி உறை வெளியேறாமல் நின்றாலோ, உங்கள் நெற்றிக்கே பறந்து வந்தாலோ, உறையைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம் சரியில்லை. அது ஸ்பிரிங் எஃகில் செய்த ஒற்றைக் கம்பி. அதன் வளைவுதான் இறுக்கம். அதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், அவருக்குப் பத்து நிமிட வேலை. தோட்டா உள்ளே ஏறாமல் முட்டி நின்றால், முதல் 500வரை உருண்டை முனைச் செம்பு உறைத் தோட்டா மட்டும், 230 கிரெய்ன் எடையில், போட்டுப் பாருங்கள். மருந்து குறைந்த, மென்மையான டார்கெட் தோட்டாவை இப்போதே போட்டால் வழக்கமான 16 பவுண்டு ஸ்பிரிங்குக்கு ஸ்லைடை முழுக்கப் பின்னால் தள்ளும் வலு அதற்கு இருக்காது.

500 தாண்டியும் தொடர்ந்தால், தாராளமாகத் தயாரித்த இடத்துக்கே அனுப்புங்கள்.

சீரிஸ் 70, சீரிஸ் 80 என்று கடைக்காரர் குழப்புகிறார். டார்கெட்டுக்கு எது? (சிகாகோ)

1983இல் கோல்ட் ஒரு கூடுதல் பூட்டு சேர்த்தது. ட்ரிகரை முழுக்க அழுத்தினால் ஒழிய, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் முன்னால் போகாது. கீழே விழுந்தாலும் தானாக வெடிக்கக்கூடாது என்பதற்காக. அதுதான் சீரிஸ் 80. அது இல்லாத பழைய அமைப்பை எல்லோரும் சீரிஸ் 70 என்கிறார்கள். ட்ரிகரில் கூடுதலாகச் சில துண்டுகள் உரசுவதால் 80இல் அழுத்தம் கொஞ்சம் கரகரக்கும் என்பது புகார். உண்மைதான், ஆனால் நல்ல மெக்கானிக் செய்த சீரிஸ் 80 ட்ரிகரைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை. புல்ஸ்ஐயில் .45 ட்ரிகரை இழுக்கும் விசை மூன்றரை பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த எடையில் இந்தச் சண்டைக்கு அர்த்தம் குறைவு. கையில் கிடைப்பதை வாங்குங்கள்.

முழு நீள கைடு ராடு (ஸ்லைடு ஸ்பிரிங்குக்குள் ஓடும் கம்பி) போட்டால் துல்லியம் கூடுமா? (சியாட்டில்)

கூடாது. பிரிப்பதற்குத்தான் கூடுதல் வேலை.

ராணுவம் பயன்படுத்திய நிஜ 1911 வாங்க முடியுமாமே? (ஒஹாயோ)

முடியும். ராணுவக் கிடங்கில் கிடந்தவற்றைச் சிஎம்பி என்ற அமைப்பு 2018இல் விண்ணப்பம் வாங்கி, குலுக்கல் எண் வரிசையில் விற்கத் தொடங்கியது. சரித்திரத்தைக் கையில் பிடிக்க ஆசைப்பட்டால் விண்ணப்பியுங்கள். டார்கெட் சுட மட்டும் என்றால் வேண்டாம். அந்தப் பேரல் எந்தெந்தச் சிப்பாய் கையில் எத்தனை ஆயிரம் சுட்டதோ, சைட்டும் பழைய நெல்மணிதான். அதே காசில் புதிய ரூகர் வரும். நீங்கள் ஒஹாயோ என்பதால் ஒன்று சொல்கிறேன்: ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கிற இடம். கோடையில் ஒரு நாள் போய் வேடிக்கை பாருங்கள், எந்த பிஸ்டல் வேண்டும் என்று அங்கே தானாகத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலிருக்கும் மாமா ஊருக்கு வரும்போது ஒரு 1911 கொண்டுவரச் சொல்லலாமா? (கோயம்புத்தூர்)

வேண்டவே வேண்டாம். சாக்லேட்டோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சாமான் இல்லை அது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உள்ளே போக வேண்டியதுதான். சர்வதேச சென்டர்ஃபயர் போட்டியிலும் தோட்டாவின் விட்டம் 9.65 மிமீயைத் தாண்டக்கூடாது, .45க்கு அங்கே இடமே இல்லை. உள்ளூர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். 2024 பாரீஸில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதும் அதில்தான்.

என் 1911இல் எல்லாக் குண்டும் இடப்பக்கம் கீழே விழுகிறது. சைட்டைத் திருத்தவா, பேரல் புஷிங் (பேரல் முனையைப் பிடிக்கும் வளையம்) மாற்றவா? வலது கைக்காரன். (ஆஸ்டின்)

பிஸ்டலைத் தொடாதீர்கள் சார். நண்பரை விட்டு மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மித் தோட்டா இரண்டு, மூன்றைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மியில் 'டிக்' என்று மட்டும் சத்தம் வரும்போது முனை எங்கே போகிறது என்று பாருங்கள். உதைப்பு வரும் முன்பே கை அதைத் தடுக்கக் கிளம்பிவிடும். முனை கீழே இடப்பக்கமாகக் குனியும். இதை நான் முதன்முதலில் செய்தபோது ஐந்து டம்மியில் ஐந்துக்கும் குனிந்தேன். அடுத்த வாரத்திலிருந்து சைட் திருகும் ஸ்க்ரூடிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.