ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை: சிங்கப்பூர்ப் பெற்றோருக்குத் தாதி அக்காவின் பதில்கள்

பொங்கோல் அம்மா: அக்கா, பையனுக்கு 7 மாதம். அரிசிக் கஞ்சியை மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறேன். மாமியார் கொஞ்சம் தேன் விடச் சொல்கிறார். விடலாமா?

வேண்டாம்மா. ஒரு வயது ஆகும்வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்; சூடு பண்ணினாலும் சாகாது. மாமியாரிடம் பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

எனக்குக் கஞ்சிதான் பெரிய கவலை. வயிற்றில் இருந்தபோது அம்மாவிடம் வாங்கிச் சேர்த்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் அது சொற்பம், வெறும் அரிசியிலும் அப்படித்தான். பருப்பு, நன்றாக வெந்த முட்டை, கொத்திய கோழி என்று தினமும் ஏதாவது சேரட்டும். பருப்போடு தக்காளியோ, பின்னால் இரண்டு வாய் பப்பாளியோ கொடுத்தால் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். உப்பும் சர்க்கரையும் இப்போதைக்கு வேண்டாம்.

மிக்ஸியையும் மெல்ல ஓரங்கட்டுங்கள். எட்டு மாதத்தில் சின்னச் சின்னக் கட்டி நாக்கில் படவேண்டும். இட்லித் துண்டைப் பருப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்கினால் அவன் ஈறுக்கும் நசுங்கும். குமட்டினால் பதறாதீர்கள். தொண்டையில் அடைத்து, சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால்தான் ஆபத்து. அதற்கான முதலுதவியை வீட்டுப் பணிப்பெண்ணும் சேர்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

ஜூரோங் வெஸ்ட் அப்பா: மகளுக்கு 9 மாதம், இன்னும் தவழவில்லை. வாக்கர் வாங்கட்டுமா?

வாங்காதீர்கள். வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, விபத்தைத்தான் கொண்டுவரும். பாயை விரித்துக் கீழே விடுங்கள். பிடித்த பொம்மையை எட்டாத தூரத்தில் வையுங்கள். தவழாமலே எழுந்து நடக்கும் பிள்ளைகளும் உண்டு. எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்காருகிறாளா, இரண்டு கையையும் ஒரேபோலப் பயன்படுத்துகிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா: சிரித்துக்கொண்டே இன்ஃபண்ட்கேருக்கு (குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு) போனவன், 8 மாதம் ஆனதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

வளர்ச்சிதான். நீங்கள் வேறு, மற்றவர்கள் வேறு என்று புரிந்துவிட்டது. கண்ணில் படாமல் நழுவாதீர்கள். டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

செங்காங் அம்மா: வீட்டில் தமிழ், பணிப்பெண்ணிடம் ஆங்கிலம். பேச்சு தாமதமாகுமா?

இரண்டு மொழி கேட்பதால் ஆகாது. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். 9 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பாமலோ மழலை ஒலி எழுப்பாமலோ இருந்தால் முதலில் காதைச் சோதிக்கவேண்டும். கைப்பேசியை மட்டும் தூர வையுங்கள்.

ஈசூன் அப்பா: 11 மாதத்தில் ஊருக்குப் போய் மொட்டை போட்டுக் காது குத்தப்போகிறோம். ஏதாவது ஊசி வேண்டுமா?

இங்கே தட்டம்மை ஊசி 12 மாதத்தில்தான். வெளிநாடு போகும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு ஊசி முன்கூட்டியே போடலாம். கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது இருக்கும்போது டாக்டரைப் பாருங்கள். அந்த ஊசி கணக்கில் சேராது. திரும்பி வந்து 12 மாத ஊசியை வழக்கம்போலப் போடவேண்டும். அப்புறம், மொட்டைக்குப் புது பிளேடு கேட்டு வாங்குங்கள். கம்மல் திருகாணி வைத்ததாக இருக்கட்டும். கழன்று விழுந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.